கொசுறாக வந்த வெள்ளீயம்

கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு இப்போது கம்பி வழியாகவே மின்சாரம் வருகிறதாம். ஆசிட் பேட்டரிகளையெல்லாம் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று, என் இடத்தில் வேலை பார்க்கிறவர் வந்து சொன்னார். பேட்டரியை மட்டும் வைத்துக்கொண்டு அந்த நாளில் என்னதான் செய்தீர்கள், கல்லூரி மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். எனக்கு எழுதிப் பழக்கமில்லை என்றேன். பேசுகிற மாதிரி எழுதுங்கள் என்றார். நான் பேசுவதும் குறைவு.

இருந்தாலும் எழுதுகிறேன். ஓய்வு கொடுத்துவிட்டார்கள். உட்காரத்தான் வரவில்லை. இந்தத் தாளை எடுத்த பிறகு எத்தனை முறை எழுந்து வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன் என்று என் வீட்டுக்காரி வெள்ளையம்மா சிரிக்கிறாள்.

நான் கல்லூரிக்கு வந்தது காந்தத்தோடு. காந்தம் எங்கள் மலையிலிருந்து இறங்கி வந்தது. அது ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்பதைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் கண்ணாடி கழுவின கதை.

எனக்குக் கொல்லிமலை, அரியூர் நாடு. சேந்தமங்கலத்தில் ஒரு பங்காளி வீட்டில் தங்கி மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு சாமையும் மிளகும்தான். அப்படி இருக்கும்போது எங்கள் ஊருக்கு மேலே பூட்டிக் கிடந்த ஒரு காப்பித்தோட்ட முதலாளியின் பங்களாவைத் திறந்தார்கள். பட்டணத்திலிருந்து ஒரு அம்மா வருகிறார், ஏதோ ஆராய்ச்சி, சாமான் தூக்க ஆள் வேண்டும் என்றார்கள்.

பட்டணத்தில் இடமா இல்லை என்று கேட்கலாம். அங்கே டிராம் ஓடுகிறது. அது மின்சாரத்தில் ஓடுகிற வண்டி. அது தெருவில் போனால் மண்ணுக்குள்ளேயும் மின்சாரம் கசியுமாம். அம்மா அளக்க நினைத்ததோ மிகச் சின்ன மின்சாரம். டிராம் போகும்போதெல்லாம் கருவி ஆடிவிடும். அதனால் டிராமும் மோட்டாரும் ஏற முடியாத இடமாகத் தேடினார். எங்கள் மலைக்கு அப்போது காலால்தான் ஏற வேண்டும்.

காந்தம் மூன்று துண்டாக வந்தது. நடுவில் இரும்பு, இரண்டு பக்கமும் செம்புக் கம்பி சுற்றின உருளை. மூங்கிலில் கட்டி, அடிவாரத்திலிருந்து தோள் மாற்றித் தோள் மாற்றி ஏற்றினோம். என் வீட்டுக்காரியின் அண்ணன் சின்னான்தான் முன்தோள். பாதி வழியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினான்.

"ஏ மாப்ள, இந்தச் சாமிக்குக் கோயில் எங்க கட்டப் போறாங்க?"

"பங்களாவுல."

"பலி கிலி கேக்குமா?"

"பேட்டரி கேக்குமாம்."

"அதையும் நாமதான் தூக்கோணுமா?"

அதையும் நாங்கள்தான் தூக்கினோம். ஒரு ஆயில் எஞ்சினையும் தூக்கினோம். வரும் வழியில் ஒரு பெட்டி சரிந்து, உலோகம் உருக்கும் பீங்கான் கிண்ணங்கள் எல்லாம் உடைந்துவிட்டன. அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தார். யாரையும் திட்டவில்லை. சந்தையில் நீளக் காம்பு வைத்த இரும்புக் கரண்டி கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். இரும்பு அந்த உலோகத்தோடு சேராது, அது போதும் என்றார். சேந்தமங்கலம் சந்தையில் வாங்கி வந்தேன்.

சாமான் தூக்கினவர்கள் போய்விட்டார்கள். நான் மட்டும் நின்றுவிட்டேன். முதலில் தூக்குவது, துடைப்பது. அப்புறம் ஆசிட். அப்புறம் உருக்குவது. என் படிப்பு அவ்வளவுதான். வெள்ளையம்மா அம்மாவுக்குச் சமைத்தாள்.

அம்மாவின் பெயர் கோமதி. வயது முப்பதுக்கு மேல் இருக்கும். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. எந்நேரமும் நடப்பார். பங்களாத் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தே தரை ஓடுகளில் ஒரு தடம் விழுந்துவிட்டது. மலைக்காய்ச்சல் அவரை இரண்டு முறை பிடித்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கொய்னா மருந்தைக் குடித்துவிட்டு, நடுங்கிக்கொண்டே நடந்தார். என்னை ‘சடையன்’ என்று பேர் சொல்லிக் கூப்பிட்டாலும், வாங்க போங்க என்றுதான் பேசுவார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கணக்கு ஒத்துவரவில்லை என்றால் "இன்னொரு தடவை" என்பார். ஒத்துவந்தாலும் "இன்னொரு தடவை" என்பார். ‘சரி’ என்ற சொல்லை லேசில் விடமாட்டார்.

வேலை இதுதான். பிஸ்மத் என்று ஒரு உலோகம். வெள்ளையில் லேசான சிவப்பு ஓடும். சுத்தியலால் தட்டினால் வளையாது, கற்கண்டு மாதிரி உடையும். சீக்கிரம் உருகும். உறையும்போது பருக்கும். கண்ணாடிக் குழாயில் ஊற்றினால் குழாய் வெடித்துவிடும். அதனால் மைக்காத் தகட்டை ஓடை மாதிரி மடித்து, அதில் ஊற்றுவோம். ஊற்றிவிட்டு அப்படியே விட்டால் கண்டபடி உறையும். ஒரு கோடியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மறுகோடிக்கு உறைய வேண்டும். அப்போதுதான் முழுத்துண்டும் ஒரே படிகமாக வரும். அதற்காக அடியில் கனலும் கரித்தட்டை நத்தை மாதிரி இழுக்க வேண்டும். அந்த இழுப்பு என்னுடையது. காலையில் தொடங்கினால் மத்தியானச் சோறு வரைக்கும் இழுப்பேன். நடுவில் தும்மினாலும் போச்சு.

படிகத்தைக் காந்தத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவில் வைப்போம். நீளவாக்கில் மின்சாரம் ஓடும். பக்கவாட்டில் இந்தப் புறம் ஒன்று, அந்தப் புறம் ஒன்று என்று இரண்டு ஊசிமுனைகள் தொட்டுக்கொண்டிருக்கும். முனைகளைப் படிகத்தோடு பற்றவைக்கக் கூடாது. பற்றாசில் ஈயம் இருக்கிறது, ஈயம் படிகத்தின் பக்கமே வரக்கூடாது என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த இரண்டு முனைகளிலிருந்து கம்பி ஓடி, பங்களாவின் மறுகோடி அறைக்குப் போகும். அங்கே கால்வனாமீட்டர். உள்ளே பட்டு நூலில் ஒரு காந்த ஊசியும் குட்டிக் கண்ணாடியும் தொங்கும். விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் பட்டுச் சுவரில் இருக்கும் அளவுகோலில் ஒரு பொட்டாக விழும். கொஞ்சம் மின்சாரம் வந்தாலும் பொட்டு நகரும். அந்தப் பொட்டுக்கு முன்னால் நான் இருப்பேன்.

காந்தத்தைப் போட்டதும் பொட்டு இடப்பக்கம் போகும். நான் எண்ணைச் சொல்வேன். காந்தத்தைத் திருப்பிப் போட்டால் வலப்பக்கம் போகும். மறுபடி சொல்வேன். இரண்டையும் வைத்து அம்மா கணக்குப் போடுவார். முதல் நிலையில் பொட்டு இடமாகப் போக வேண்டும். பிஸ்மத் என்றால் அப்படித்தான்.

ஆரம்பத்தில் பொட்டு அடங்கவே இல்லை. அதுபாட்டுக்குச் சும்மா இருக்கும். திடீரென்று துள்ளும். அம்மா கம்பியை மாற்றினார், பேட்டரியை மாற்றினார். ஒரு வாரம் தூங்கவில்லை. அப்போது ஒரு நாள் சின்னான் பலாப்பழத்தோடு உள்ளே வந்தான். பொட்டு அளவுகோலை விட்டே ஓடிவிட்டது. அவன் வெளியே போனான். திரும்பி வந்தது.

அம்மா அவன் இடுப்பைப் பார்த்தார். கொடுவாள்.

எங்கள் மலையில் ஆம்பளை என்றால் இடுப்பில் கத்தி இருக்கும். கோயில் வாசலிலும் குளிக்கும்போதும்தான் கழற்றுவோம். ஆசிட் அரிக்கும் என்று என் கத்தியை மட்டும் வீட்டில் வைத்திருந்தேன். பங்களாச் சுவரை ஒட்டித்தான் ஊர்ப்பாதை போனது. போகிறவன் வருகிறவன் எல்லாரும் அந்தக் கால்வனாமீட்டர் ஊசியை ஆட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"கத்தியை அந்தப் பலாமரத்தடியில் வெச்சுட்டு வரலாமா?" என்றார் அம்மா.

"வெச்சுட்டு?"

"வந்து பழம் சாப்பிடலாம்."

"நாங் கொண்டாந்த பழத்தத் திங்க நானே கத்திய வெச்சுட்டு வரோணுங்களா?" என்றான் சின்னான். அம்மா சிரித்தார். அன்றைக்கு அவன் கழற்றவே இல்லை. பழத்தை வைத்துவிட்டு, சுவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான். மற்றவர்களும் அப்படித்தான். கத்தியைக் கழற்ற மாட்டோம், வேண்டுமானால் பாதையை மாற்றிக்கொள்கிறோம் என்றார்கள். எங்கள் நாட்டு ஊர்களுக்கெல்லாம் தலைவரான பட்டக்காரரும் தலையாட்டினார். ஊர்ப்பாதை பலாமரத்துக்கு அந்தப்பக்கமாகத் தள்ளிப் போயிற்று.

இதில் என்ன அளக்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். அம்மா தாழ்வாரத்தில் நின்று மலைப்பாதையைக் காட்டினார்.

"செம்பு இருக்கே, அது சந்தை மாதிரி. உள்ளே மின்சாரத்தைத் தூக்கற ஆள் அவ்வளவு கூட்டம். காந்தம் பக்கத்தில் வந்தாலும் கவனிக்காது. பிஸ்மத் இந்தப் பாதை மாதிரி. ஆள் ரொம்பக் கம்மி. அதுவும் ரெண்டு ஜாதி ஆள். ஒருத்தர் மேலே உப்பு ஏத்தறவர். இன்னொருத்தர் மிளகு இறக்கறவர். எதிரும் புதிருமா நடக்கறாங்க. காத்து அடிச்சா என்ன ஆகும்?"

"மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குவாங்க."

"யாரு, ஏறறவங்களா, இறங்கறவங்களா?"

"ரெண்டு பேருந்தானுங்க. பள்ளத்துப் பக்கம் எவன் ஒதுங்குவான்?"

"அதுதான். காந்தம் காத்து மாதிரி. ரெண்டு ஜாதியையும் ஒரே ஓரத்துக்குத் தள்ளும். ஆனா ஒருத்தர் கணக்கில் கூட்டல், மத்தவர் கணக்கில் கழித்தல். நீங்க பார்க்கற பொட்டு அந்த மிச்சம்தான். யார் கை ஓங்கியிருக்குன்னு அது சொல்லும்."

  அன்றைக்குப் பிறகு பொட்டைப் பார்க்கும்போது எனக்குப் பாதை தெரியும்.

வேலை நடந்தது. ஆனால் புதிதாக ஒன்றும் வரவில்லை. வெளிநாட்டில் பெரிய காந்தம் வைத்து, பனிக்கட்டியை விடப் பல மடங்கு குளிரவைத்துச் செய்ததையே நாங்கள் சின்னதாகத் திருப்பிச் செய்துகொண்டிருந்தோம். காந்தம் கல்லூரியுடையது, அங்கே அதற்கு வேறொரு ஆசிரியர் காத்திருந்தார். ஐப்பசி மழைக்கு முன் சொல்லும்படி ஏதாவது கிடைக்காவிட்டால் காந்தம் இறங்கிவிடும். காந்தம் இறங்கினால் அம்மா பெண்கள் பள்ளிக்கூடத்துக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போக வேண்டியதுதான். அதை அவரே சொன்னார். சொல்லிவிட்டு நடந்தார்.

ஆடியில் அரப்பளீசுவரர் கோயில் திருவிழா, எங்கள் பேச்சில் நோம்பி, வந்தது. அது முடிந்து ஒரு மாதம் போலிருக்கும். புதிதாக உருக்கின படிகத்தை மாட்டினோம். அம்மா காந்தத்தைப் போட்டார்.

பொட்டு வலமாகப் போனது.

"வலமுங்க," என்றேன்.

"இன்னொரு தடவை."

"வலமுங்க."

கம்பியை மாற்றிக் கட்டிவிட்டோமா என்று பார்த்தார். இல்லை. காந்தத்தின் முனைகளைத் திசைகாட்டி வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. படிகத்தைக் கழற்றிப் பளபளப்பான முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து மாட்டினார். பழைய படிகத்தைப் போட்டார். இடம். புதியதைப் போட்டார். வலம். இன்னும் இரண்டு படிகம் இழுத்தேன். இரண்டும் வலம். பகல் முழுவதும் எஞ்சினை ஓட்டி பேட்டரி ஏற்றுவது, விடியற்காலையில் காற்று அசையுமுன் அளப்பது என்று இரண்டு வாரம் போயிற்று. அம்மா சோற்றைத் தட்டோடு எடுத்துக்கொண்டு நடந்தார். நடந்துகொண்டே தின்றார். புதிய படிகங்களை இன்னும் மெல்ல உறையவைத்ததால் இப்படி ஆகிறது, இதுவரை யாரும் பார்த்ததில்லை என்று நினைத்தார். நினைத்தாரே தவிர, ‘சரி’ என்று சொல்லவில்லை.

அந்தச் சமயம் கல்லூரிப் பிரின்சிபால் மலையேறி வந்தார். பெரிய மனுஷர். அவரும் இதே படிப்புப் படித்தவர்தான். மூச்சு வாங்க உட்கார்ந்தவர், காந்தத்தை எடுத்துப் போகத்தான் வந்தேன் என்று நேராகச் சொன்னார். அம்மா படிகத்தை மாட்டினார். பெரியவர் என் பக்கத்தில் வந்து பொட்டைப் பார்த்தார். வலமாகப் போனது. அவரே அம்மாவின் இடத்துக்குப் போய் மின்சாரச் சாவியைத் திருப்பினார். திரும்பி வந்து மறுபடி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கோமதி, இது நிஜமானால் காந்தம் இங்கேயே இருக்கட்டும். நான் பேசிக்கொள்கிறேன்."

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெள்ளையம்மா பரிமாறினாள். பெரியவர் பித்தளைப் பாத்திரத்தைப் பார்த்து, மலையில் கூட ஈயம் இவ்வளவு நன்றாகப் பூசுகிறார்களே என்றார்.

"நோம்பிக்கு ஈயம் பூசறவர் வந்தாருங்க," என்றாள் வெள்ளையம்மா. "பத்துப் பாத்திரம் குடுத்தா ஒண்ணு கொசுறாப் பூசித் தருவாருங்க. எங்க ஊட்டுல கொசுறுக்கு ஏனமில்லீங்க. அதான் அம்மா வேலை செய்யற இரும்புக் கரண்டியக் குடுத்தனுங்க. துருப்புடிச்சுக் கெடந்துச்சு. இப்பப் பாருங்க, வெள்ளி மாதிரி."

பெரியவர் நல்லது என்று சிரித்துவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார். உருக்குகிற கரண்டி எது, அடுப்புக் கரண்டி எது என்று அவருக்குத் தெரியாது.

அம்மாவின் கை தட்டில் நின்றுவிட்டது.

எனக்கும் அப்போது விளங்கவில்லை. கரண்டி பளபளவென்று இருந்ததை நானும் பார்த்தேன். சுத்தம் செய்திருக்கிறாள் என்று நினைத்தேன். பற்றவைக்கும் ஈயத்தைத்தான் பக்கத்தில் விடக்கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தது. கரண்டிக்குள் இருப்பதும் அதே சங்கதிதான் என்று அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஈயத்துக்கு வாசலைப் பூட்டி வைத்தோம். அது அடுப்பங்கரை வழியாக வந்திருக்கிறது.

அம்மா எழுந்தார். கை கழுவினார். தாழ்வாரத்தில் நடந்தார். இந்தக் கோடி. அந்தக் கோடி. நான் தூணருகில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார்.  அவர் வாய் திறக்காவிட்டால் காந்தம் இருக்கும். எனக்கும் வேலை இருக்கும். இரண்டு பேருக்கும் அது தெரியும். 

மூன்றாவது முறை திரும்பும்போது நின்றார். நேரே பெரியவரிடம் போனார்.

"சார், கரண்டியில் வெள்ளீயம் பூசியிருக்கு. படிகத்துக்குள் கலந்திருக்கும். அதனால்தான் வலமாப் போகுது. வெள்ளீயம் கலந்தா பிஸ்மத் இப்படித் திரும்பும்னு ஏற்கெனவே தெரிஞ்சதுதான். இதில் புதுசா ஒண்ணும் இல்லை."

பெரியவர் மோர்த் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அப்படியென்றால் காந்தம் இறங்க வேண்டியதுதான்," என்றார். கோபமில்லை. அவர் இன்னொருவருக்கு வாக்குக் கொடுத்தவர்.

"ஆள் வர்ற வரைக்கும் காந்தம் எனக்குத்தானே?"

"ஆள் வருகிற வரைக்கும்."

ஆள் கூட்டி வருவது என் வேலை. போனேன். அரியூரில் சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பட்டக்காரர் களத்தில் நின்றார். பக்கத்தில் சின்னான்.

"காந்தத்தக் கீழ எறக்கோணுமாமுங்க," என்றேன்.

"எப்ப?"

"ஆளு வந்தா எறக்கறதுங்க."

"அவசரமா?"

யோசித்தேன். "பிரின்சிபால் ஐயாவுக்கு அவசரமுங்க."

"உங்கம்மாவுக்கு?"

"அவங்களுக்கு அவசரமில்லீங்க."

"நீ யாரோட ஆளுடா சடையா?" என்றார்.

"நான் சோத்துக்கு ரெண்டு பேர்த்தோட ஆளுந்தானுங்க."

சின்னான் கதிர்க்கட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். பட்டக்காரர் சிரிக்கவில்லை. களத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "கதிரு உதிருது. மழ வேற வாரமாதிரி இருக்குது. அறுத்துக் கட்டிப்போட்டுட்டு வாரோம்னு சொல்லு. பொய்யில்ல, போய்ப் பாக்கச் சொல்லு வேணும்னா." பொய்யில்லைதான். அந்தச் சமயத்தில் எங்கள் ஊரில் எந்தத் தோளும் சும்மா இல்லை.

நான் திரும்பி வருவதற்குள் அம்மா அடுப்பு மூட்டியிருந்தார். தெர்மாமீட்டரைச் சரிபார்க்க ஒரு துண்டு சுத்தமான வெள்ளீயம் அவர் பெட்டியில் உண்டு. அதைச் சீவி, சின்னத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"தெரியாமக் கலந்துச்சு. இப்ப தெரிஞ்சு கலக்கறேன்," என்றார். "வெள்ளீயம் போட்டாத் திரும்பும்னு தெரியும். எங்க திரும்புது, திரும்பற இடத்தில் என்ன நடக்குதுன்னு யாரும் உட்கார்ந்து பார்க்கலை."

உருக்கக் கரண்டி இல்லை. அது கெட்டுவிட்டது. வெள்ளையம்மாவுக்கு விஷயம் முழுதும் விளங்கவில்லை. ஆனால் தன் கொசுறால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துவிட்டது. உள்ளே போனாள். சேலத்து மாக்கல் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் பாட்டி, அம்மாயி, கொடுத்த சட்டி.

"இதுல பண்ணுங்க."

"இதில் உருக்கினா அப்புறம் சமைக்க முடியாது வெள்ளையம்மா."

"தெரியுமுங்க. ரசம் வெக்க வேற பாத்துக்கறனுங்க."

முதல் படிகம், வெள்ளீயம் இல்லாமல். பொட்டு இடமாக, நன்றாகப் போனது. சுத்தம். இரண்டாவது, ஒரு சீவல். இடம்தான், ஆனால் பாதி தூரம். மூன்றாவது, இன்னும் கொஞ்சம். வலம். பெரியவர் முதல் நாள் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் நாற்காலி காந்தத்துக்குப் பக்கத்தில் வந்தது. மூன்றாம் நாள் அவர் நாற்காலியில் இல்லை, அம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து மின்சார அளவைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கரித்தட்டை மட்டும் அவரிடம் கொடுக்கவில்லை. ஒருமுறை கேட்டார். கொடுத்தேன். வெடுக்கென்று இழுத்துவிட்டார். மறுபடி வாங்கிக்கொண்டேன்.

அம்மா கோடு போட்டுக் கணக்குப் பார்த்தார். இவ்வளவு வெள்ளீயம் போட்டால் பொட்டு எந்தப் பக்கமும் போகக்கூடாது. அந்த அளவுக்கு நிறுத்தார். நான் இழுத்தேன். அன்றைக்கு வழக்கத்தைவிட மெல்ல இழுத்தேன். காய்ச்சலா என்று அம்மா கேட்டார். இல்லை என்றேன்.

படிகத்தை மாட்டும்போது வெளியே பேச்சுச் சத்தம். மூங்கில் தரையில் விழுகிற சத்தம். ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அம்மா கையை எடுத்தார். பெரியவரைப் பார்த்தார். பெரியவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் காத்திருக்கட்டும் என்று வாசலைக் காட்டினார். ஆனால் ஆட்களும் மூங்கிலும் இடுப்புக் கத்தியுமாகச் சுவரோரம் நின்றால் பொட்டு எப்படி நிற்கும்? நான் வெளியே ஓடினேன்.

சின்னானிடம், "மச்சான், கொஞ்ச நேரம் அந்தண்ட போய் நில்லுங்க. அம்மாவுக்கு ஒண்ணு பாக்கி இருக்குது," என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

"தெரியல."

சின்னான் என்னைப் பார்த்தான். பின்னால் நின்றவர்களைப் பார்த்தான். எறக்கற வேலை எறக்கினாத்தான் முடியும் என்று ஒருவன் முணுமுணுத்தான்.  சின்னான் பலாமரத்தடிக்குப் போனான். இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கொடுவாளைக் கழற்றி வேரின்மேல் வைத்தான். திரும்பி வந்து தாழ்வாரத்துக்கு வெளியே குந்தி உட்கார்ந்தான். ஒவ்வொருவராகப் போனார்கள். ஒவ்வொருவராக வைத்தார்கள். மரத்தடியில் வரிசையாகக் கத்தி. அந்த மரத்தடியில் அப்படி நான் பார்த்ததில்லை.

உள்ளே போய் என் இடத்தில் நின்றேன். வெளியே ஒரு தும்மல் கூட இல்லை.

"போடறேன்," என்றார் அம்மா மறு அறையிலிருந்து.

பொட்டு அசையவில்லை.

"என்ன ஆச்சு?"

"நகரலீங்க."

"திருப்பிப் போடறேன். இப்போ?"

"நகரலீங்க."

"நீளவாக்கில் தடை ஏறியிருக்கிறது," என்று பெரியவர் குரல் கேட்டது. "முன்னை மாதிரியே நன்றாக ஏறியிருக்கிறது, கோமதி." காந்தம் வேலை செய்கிறது, பாதையில் நெரிசல் இருக்கிறது. ஆனால் யார் கையும் ஓங்கவில்லை. ஆள் எண்ணிக்கையில் இல்லை, தள்ளுமுள்ளில் சமம் என்று அம்மா பிறகு சொன்னார்.

அப்போது அதைச் சொல்லவில்லை. அறை வாசலுக்கு வந்து நின்றார்.  "பக்கவாட்டு முனையில் விரல் வெச்சு சூடு காட்டினேன். சூடு பட்டாலே இதில் கொஞ்சம் மின்சாரம் வரும். பொட்டு அசைஞ்சுதா?"

"லேசா அசைஞ்சு திரும்பிச்சுங்க."

"அப்போ கம்பி அறுந்து போகலை." கொஞ்சம் நடந்தார். நின்றார். "ஊசி ஒட்டிக்கிட்டு லேசாத்தான் ஆடுதோ என்னவோ. சடையன், யாராவது ஒருத்தரை ஒரு கத்தி எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க."

வெளியே போய்ச் சொன்னேன். ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு எழும்பியது.

"வெக்கச் சொன்னாங்க, வெச்சோம்," என்றான் சின்னான். "இப்ப எடுக்கச் சொல்றாங்க. ஏ மாப்ள, நிசமாவே இது சாமிதான்."

எழுந்து போய்த் தன் கொடுவாளை எடுத்து வந்தான். வாசல் நிலையைத் தாண்டினான். பொட்டு துள்ளி அளவுகோலின் கோடிக்கு ஓடியது. அவன் பின்னுக்குப் போனான். பொட்டு திரும்பி வந்தது. கொஞ்சம் ஆடியது. நடுக்கோட்டில் நின்றது. அப்படியே நின்றது.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நடக்கவில்லை. அத்தனை நாளில் அவர் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

இன்னொரு தடவை என்பார் என்று காத்திருந்தேன்.

"சரி," என்றார். "தூக்கச் சொல்லுங்க."